மூன்று செங்கோட்டையன்கள்

1983ஆம் ஆண்டு பங்குனி மாதம், திருச்செங்கோட்டிலிருந்து சங்ககிரிக்குப் போகும் சாலையில் இருந்த ஒரு தனியார் மருத்துவமனையின் ஆண்கள் வார்டில் மூன்று செங்கோட்டையன்கள் படுத்திருந்தார்கள்.

ஒருவருக்கு மலச்சிக்கல். ஒருவருக்குக் கால் முறிவு. ஒருவருக்கு இரத்தக் கொதிப்பு. மலச்சிக்கல்காரருக்குக் கொடுக்க வேண்டிய எனிமாவைத் திங்கட்கிழமை காலையில் கால் முறிந்தவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

"அடிபட்டது கால்லீங்களே, வைத்தியம் எதுக்குங்க அங்க?" என்று அவர் கேட்டுக்கொண்டேதான் இருந்தார். டாக்டர் சொன்னது என்று பதில் வந்ததும் அடங்கிவிட்டார். பிறகு மாவுக்கட்டோடு அவர் கக்கூசுக்கு ஓடிய வேகத்தை ஊரே பேசியது.

தலைமை நர்ஸ் வசந்தாமணிக்கு அது மானப் பிரச்சினை. ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனி அட்டை போட்டு, காய்ச்சலையும் இரத்த அழுத்தத்தையும் கோடாக வரைந்து வைக்கும் முறையை அந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தவள் அவள். சின்ன நர்சுகளை நிற்க வைத்துப் பாடமே நடத்துவாள்.

"இருநூறுன்னு எழுதினா அது வெறும் நம்பர். யாருக்கு, எப்பன்னு சேத்து எழுதினாத்தான் சேதி. சேதிய வரிசையா வெச்சுப் பாத்தாத்தான் அறிவு. அந்த 'யாருக்கு' தப்பாப் போச்சுன்னா மிச்சமெல்லாம் குப்பை."

முதலாளி டாக்டர் தங்கசாமி அவளைக் கூப்பிட்டார்.

"அடுத்த வெள்ளிக்கிழமை அஸ்தம்பட்டியிலிருந்து பெரிய டாக்டர் வெங்கடாசலம் வாராரு. உன்ற அட்டை முறை புடிச்சிருந்தா அவரு ஆஸ்பத்திரியிலயும் வெக்கறேன்னிருக்காரு. நீதான் போய்ச் சொல்லிக் குடுக்கோணும். அதுக்குள்ள இன்னொரு எனிமா எடம் மாறுச்சு, அட்டையெல்லாம் அடுப்புக்குத்தாம்மா."

வசந்தாமணி அன்றே பெயரை ஒழித்தாள். திருச்செங்கோட்டு மலையைச் சுற்றிப் பிறந்த பாதிப் பேருக்கு அந்தச் சாமியின் பெயர்தான். அதை நம்பி வைத்தியம் பார்க்க முடியாது. இனிமேல் கட்டில் நம்பர்தான் ஆள்.

செவ்வாய்க்கிழமை டாக்டர் மாவுக்கட்டைப் பார்க்க எட்டாம் நம்பர் கட்டிலுக்குப் போய், போர்வைக்குள் கைவிட்டுக் காலைத் தட்டினார். மாவுக்கட்டைக் காணோம்.

"எட்டாம் நம்பர் நானில்லீங்க" என்றார் மலச்சிக்கல்காரர். "அந்தக் கட்டல்ல தல வடக்க வருதுன்னு அவரு சம்சாரம் சண்டை. அடிபட்ட மனுசனப் பொணமாட்டம் வடக்க தல வெச்சுப் படுக்கப் போடலாமுங்களா? அதான் மாத்திக்கிட்டோம். எனக்கு ஒண்ணும் பயமில்லீங்க."

விசாரித்ததில் வார்டில் பாதிப் பேர் திசை மாறியிருந்தார்கள். சிலர் பங்காளிச் சண்டைக்காகத் தள்ளிப் படுத்திருந்தார்கள்.

"சரி, எங்க வேணா படுங்க. அட்டையக் கூடவே எடுத்துட்டுப் போங்க" என்றாள் வசந்தாமணி.

எடுத்துப் போனார்கள். பங்குனி வெயில். கெட்டி அட்டை. மாலைக்குள் வார்டு முழுவதும் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தது. கை வலித்தவர் அடுத்தவரிடம் கொடுத்தார். அவர் அதற்கடுத்தவரிடம் கொடுத்தார். கால் முறிந்தவரின் அட்டை இரத்தக் கொதிப்புக்காரரின் தலைமாட்டுக்கு வந்து சேர்ந்தது.

புதன்கிழமை அவள் ஆளோடு சேர்த்தே கட்ட முடிவு செய்தாள். கட்டுத் துணியை நாடாவாகக் கிழித்து, அழுகாமல் இருக்கப் புண்ணுக்குப் போடும் மஞ்சள் மருந்தில் நனைத்துக் காயவைத்து, நம்பர் எழுதி, ஒவ்வொருவர் வலது மணிக்கட்டிலும் முடிச்சுப் போட்டாள். நர்சுகளுக்கு உத்தரவும் போட்டாள்: "மூஞ்சியப் பாக்காதீங்க. நாடாவப் பாருங்க."

மறுநாள் காலை யாரும் முட்டை தின்னவில்லை.

"காப்பு கட்டியிருக்குதுங்களே நர்சம்மா" என்றார்கள். மாரியம்மன் கோயில்களில் நோன்பு சாட்டி, மஞ்சள் காப்புக் கட்டும் பருவம் அது. பார்க்க வந்த பெண்கள் செருப்பை வாசலில் விட்டுவிட்டு, கையில் வேப்பிலையோடு வந்தார்கள்.

குணமான மலச்சிக்கல்காரர் வீட்டுக்குப் போக மறுத்தார்.

"காப்புக் கட்டிப்போட்டு எல்லை தாண்டலாமுங்களா? சாமி குத்தமாயிரும்."

"அது காப்பில்லீங்க, நம்பரு!" என்று வசந்தாமணி கத்தரிக்கோலை எடுத்தாள். வார்டே "ஆத்தா!" என்று எழுந்து நின்றது, கால் முறிந்தவர் உட்பட.

புது நோயாளிக்குக் கட்டில் இல்லை. தங்கசாமி தலையில் கை வைத்துக்கொண்டார். கடைசியில் ஆயா பாவாயிதான் வழி சொன்னாள்.

"ஒரு சூடத்தப் பத்த வெச்சு நானு அவுத்துடறேன் அம்மிணி. அவுத்தது ஆருன்னு ஆத்தா கேக்கமாட்டா."

பாவாயி அவிழ்த்தாள், ஆட்கள் போனார்கள். "இது ஆசுபத்திரியா, கோயலா?" என்று டாக்டர் முணுமுணுத்தார். ஆனால் வசந்தாமணி ஒன்றைக் கவனித்துவிட்டாள். எவனும் தானாக நாடாவைக் கழற்றவில்லை. எவனும் மாற்றிக் கட்டவில்லை. பூட்டுப் போட்டால்கூட இப்படி இருக்காது.

பலன் கோட்டில் தெரிந்தது. நாடா கட்டிய நாளிலிருந்து இரத்தக் கொதிப்புச் செங்கோட்டையனின் கோடு மலையிறங்குவதுபோல் இறங்கியது. இருநூறில் நின்றது நூற்று முப்பதுக்கு வந்தது.

"மாத்தரை போட்டாத் தல கிறுகிறுங்குதுங்க" என்று போர்வைக்குள்ளிருந்து அவர் முனகினார்.

"மருந்து வேல செய்யுதுன்னு அர்த்தம்" என்றாள் வசந்தாமணி. சரியான மருந்து சரியான ஆளுக்குப் போனால் உடம்பு கேட்காமல் என்ன செய்யும்?

சொன்னபடி அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வெங்கடாசலம் வந்தார். நாடாவையும் அட்டையையும் ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார். ஒரு பிசகு இல்லை. இரத்தக் கொதிப்பு அட்டையை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"என்னம்மா இது, இந்த இறக்கம்? என் ஆஸ்பத்திரியில இதே மாத்திரைதான் தர்றோம். இப்படி இறங்கினதே இல்லையே!"

"மாத்தரை எல்லா எடத்துலயும் ஒண்ணுதானுங்க சார்" என்றாள் வசந்தாமணி. "இங்க ஆளு மாறலீங்க."

"சபாஷ்! அடுத்த மாசமே அஸ்தம்பட்டிக்கு வந்து எங்க நர்சுகளுக்குச் சொல்லிக் கொடுங்க."

தங்கசாமி, அந்த முறையைத் தானே கண்டுபிடித்ததுபோல் நெஞ்சை நிமிர்த்தினார். சின்ன நர்சுகள் வசந்தாமணியைப் பார்த்தார்கள். அவள் கோடு போட்ட அட்டையைப் பார்த்தாள். படித்த படிப்புக்கு இது போதும் என்றிருந்தது.

கிளம்பும்போது பெரிய டாக்டர் கட்டிலில் இருந்தவரின் தோளைத் தட்டினார். "நல்லா ஆயிடுச்சுங்க. வீட்டுக்குப் போய் உப்பு, ஊறுகாய், கருவாடு எல்லாத்தையும் குறைச்சுக்கணும். சரியா?"

அவர் எழுந்து உட்கார்ந்து கைகூப்பினார்.

"சரிங்க சாமி, அண்ணன் வந்ததீம் சொல்லீர்றேனுங்க. அவரு பையனுக்குப் பொண்ணு பாக்கத் தம்மம்பட்டி போகோணும், காப்புக் கட்டுனா எல்லை தாண்டக் கூடாதில்லீங்களா, ஊட்டுக்கு ஒருத்தரு கட்டிக்கிட்டாப் போதும்னு, நர்சம்மா காப்பு காயப்போட்ட அன்னைக்கே என்னையக் கொண்டாந்து படுக்க வெச்சுப்போட்டுப் போயிட்டாருங்க."