கருப்பொருளும் குறுக்கே விழுந்த புளியமரமும்

கள்ளக்குறிச்சி வட்டாரத்திலேயே ஒரு சிறுகதையால் பரீட்சையில் தோற்று, அதே சிறுகதையால் ஒரு சாலை மறியலைத் தாண்டிய ஒரே ஜீவன் எங்கள் 'கருப்பொருள்'தான். இல்லை, வேறொருவர் இருக்கிறார் என்பவர்கள் ஆதாரத்தோடு வரலாம். சாப்பாடு என் செலவு.

கருப்பொருள் வெள்ளிமலைக்காரி. சின்னசேலத்தில் பிளஸ் டூ படித்த காலத்தில் பெண்கள் விடுதியில் எனக்கு அடுத்த பாய் அவளுடையது. வாயைத் திறந்தாலே, "இதோட கருப்பொருள் இன்னாடி?" என்பாள். சினிமாவுக்கு அழைத்துப் போனால் இடைவேளையிலேயே, "வில்லன் மேல தப்பே இல்ல. படம் ஆரம்பிச்சதுலேர்ந்து அவனுக்கு ஒருத்தராவது ஒரு வாய் தண்ணி குடுத்தாங்களா?" என்று ஆரம்பித்துவிடுவாள். மிச்சப் படத்தில் கதாநாயகன் அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் எனக்கு வில்லன்மேல் பரிதாபமாக இருக்கும்.

ஒருநாள் சாப்பாட்டுக் கூடத்தில் ஏதோ கதையைப் பிடித்து அலசினாள். "முதன்மைப் பாத்திரமே சரியில்ல. மேல பளபளப்பு, உள்ள ஓட்டை." சமையலறையில் இருந்த சமையல்காரம்மா கரண்டியோடு வெளியே வந்தார். "எந்தப் பாத்திரம்டி ஓட்டை? நேத்துதான் ஈயம் பூசுனேன்!" என்று அத்தனை குண்டான்களையும் வாசலில் கவிழ்த்துத் தண்ணீர் ஊற்றி நிரூபித்தார். அன்று சாம்பார் வர மணி மூன்று.

எங்கள் துணைப்பாட நூலில் நட்பைப் பற்றி ஒரு சிறுகதை இருந்தது. இரண்டு நண்பர்கள். இருவருக்கும் ஒரே ஆபீசிலிருந்து நேர்காணல் கடிதம் வருகிறது. இருப்பதோ ஒரே வேலை. ஒருவன் தன் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுச் சொல்லாமல் கொள்ளாமல் ஊரைவிட்டுப் போகிறான். மற்றவனுக்கு வேலை கிடைக்கிறது. பல வருஷம் கழித்து உண்மை தெரிந்து அழுகிறான். அவ்வளவுதான். கருப்பொருள் தியாகம் என்று நோட்ஸ் சொன்னது. தமிழய்யாவும் அதையே சொன்னார். வகுப்பே எழுதிக்கொண்டது.

கருப்பொருள் மட்டும் எழுந்து நின்றாள்.

"ஐயா, அவன் இவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டானாங்க?"

"என்னத்தம்மா கேட்கணும்?"

"உனக்கு இந்த வேலை வேணுமான்னு. இவன் ஒருவேளை கப்பல்ல போவணும்னு நெனச்சிக்கினு இருந்தா? கேக்காம குடுக்குறவன் கூட்டாளி இல்லீங்க ஐயா, முதலாளி."

தமிழய்யா கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். "உட்காரும்மா, மணி அடிக்கப் போறான்" என்றார். மணி அடிக்க இன்னும் அரைமணி நேரம் இருந்தது.

மார்ச் பரீட்சையில் அந்தக் கதையே வந்தது. 'பாத்திரப் படைப்பையும் கருப்பொருளையும் ஆராய்க.' அவள் ஆராய்ந்தாள். கூடுதல் தாள் வாங்கி ஆராய்ந்தாள். கடைசி மணி அடித்தபோது இலக்கணம், கடிதம், மனப்பாடப் பாட்டு எல்லாம் தொடப்படாமல் கிடந்தன. தமிழில் பெயில். நானும் பெயில். அவள் சொன்னதையெல்லாம் நம்பி நானும் அதையே எழுதியிருந்தேன். அவளுக்காவது சொந்தச் சரக்கில் தோற்ற கௌரவம் இருந்தது. எனக்கு அதுவும் இல்லை.

ரிசல்ட் வந்த அன்று அழுதுகொண்டே அவளிடம் ஒரு வார்த்தை விட்டுவிட்டேன். "உனக்கென்னடி, மலைக்காரி. எப்ப எழுதுனாலும் உனக்குன்னு சீட்டு வச்சிருப்பாங்க. எங்கப்பன் எங்க போவான்?" எதையும் ஆராயாமல் அவள் நின்றதை அன்றுதான் பார்த்தேன். பையை எடுத்துக்கொண்டு மலை பஸ் ஏறிவிட்டாள்.

மூன்று மாதம் கடிதம் இல்லை. செப்டம்பரில் மறுபரீட்சை. அதற்கு நான்கு நாள் முன்பு நைனார்பாளையத்தில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு மூட்டைச் சாமையோடு வந்து நின்றாள்.

"உன்னை பெயிலாக்குனது நான்தான. நானே பாஸாக்கிட்டுப் போறேன். உங்க வூட்ல தங்கலாமா, கூடாதா? கேட்டுட்டுத்தான் செருப்பைக் கழட்டுவேன்."

நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். "மொதல்ல இலக்கணம்" என்றாள்.

அந்த வாரம்தான் இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் சாதி ஆட்கள் மறியலில் இறங்கினார்கள். சாலையெல்லாம் மரம் விழுந்தது. பஸ் நின்றது. தேர்வு மையமோ கள்ளக்குறிச்சியில். என் அப்பாவும் ஏதோ ஒரு சாலையில் உட்காரப் போயிருந்தார். அதனால் அவருடைய சைக்கிள் வீட்டில் சும்மா நின்றது. விடிந்ததும் நான் மிதித்தேன். அவள் பின்னால் கேரியரில் உட்கார்ந்து புணர்ச்சி விதி சொல்லிக்கொண்டே வந்தாள்.

முதல் இரண்டு மரங்களை வயல் வரப்பில் இறங்கிச் சுற்றிவிட்டோம். மூன்றாவது பெரிய புளியமரம். இரண்டு பக்கமும் வாய்க்கால் நிறையத் தண்ணீர். மரத்துக்கு முன்னால் இருபது முப்பது பேர். முண்டாசு கட்டிய ஒரு பெரியவர் எழுந்து வந்தார்.

"ஒருத்தரையும் வுடறதா இல்ல. திரும்பிப் போங்கம்மா."

"பரீட்சைங்க" என்றேன். என் ஊரையும் அப்பா பேரையும் சொன்னேன். அவர் முகம் கொஞ்சம் இளகியது. அவளைப் பார்த்தார். "நீ எந்த ஊரு?"

"வெள்ளிமலைங்க."

கூட்டத்தில் யாரோ, "அதுக்கென்ன, அதுக்கு சீட்டு இருக்குது" என்றார். நான் சொன்ன அதே வார்த்தை.

அவள் கேரியரிலிருந்து இறங்கினாள். "இருக்குதுங்க. எங்க ஊர்ல பன்னெண்டாவது வரைக்கும் வந்த பொண்ணு நான் ஒருத்திதான். நானும் தமிழ்ல பெயிலு. நீங்க கேக்குறதை வேணாம்னு நான் சொல்லலீங்க, கேளுங்க. ஆனா இவளுக்கும் சேத்துத்தான கேக்குறீங்க? இவ இன்னைக்கு எழுதலன்னா, நாளைக்கு நீங்க வாங்கியாற சீட்டுல யாருங்க உக்காருவாங்க?"

பெரியவர் முண்டாசை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். "தமிழ்லயா பெயிலு? அதுல போயி இன்னாம்மா பெயிலு?"

அதைக் கேட்டிருக்கவே கூடாது. அவள் கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். மறியல் செய்தவர்கள் மரத்தின்மேல் வரிசையாக உட்கார்ந்து கேட்டார்கள். நான் வெயிலைப் பார்த்து மணியைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தேன்.

"சொன்னா இவன் வாங்க மாட்டான்மா, அதான் சொல்லாம போனான்" என்றார் ஒருவர்.

"அதெப்படி? பொண்டாட்டிகிட்டகூடக் கேக்காம நீ மாட்டை வித்தியே, அந்த மாதிரியா?" என்றார் அடுத்தவர். இருவருக்கும் சண்டை வந்துவிட்டது.

பெரியவர் கையைத் தூக்கினார். "ரெண்டு பேருமே முட்டாப் பசங்க. ஏன் ஒரே வேலைதான் இருக்குது? ரெண்டு பேரும் ஒண்ணாப் போயி, 'ரெண்டு வேலை குடு'ன்னு அந்த ஆபீஸ் வாசல்ல உக்காந்திருக்கணும்ல?"

கருப்பொருள் பேனாவை எடுத்து உள்ளங்கையில் எழுத ஆரம்பித்தாள்.

"இன்னாம்மா எழுதுற?"

"இது நோட்ஸ்ல இல்லீங்க. எனக்கும் தோணல. எழுதிக்கட்டுமா?"

"எழுதிக்க, எழுதிக்க" என்றார் அவர், சட்டைக் காலரைச் சரி செய்தபடி. நான்கு பேர் சைக்கிளைத் தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் வைத்தார்கள். ஒருவர் தன் சைக்கிளில் முன்னால் போய், "கதைக்காரப் பொண்ணுங்க வருது, வழி வுடு!" என்று கள்ளக்குறிச்சி வரை சத்தம் போட்டுக்கொண்டே வந்தார்.

தேர்வு மண்டபத்து வாசலில் அவளை நிறுத்தினேன். "அன்னைக்கு நான் சொன்னது..."

"சொன்ன. வலிச்சிது. இப்ப கையைக் கழுவிக்கினு வந்துடறேன், பிட்டுன்னு புடிச்சிக்குவாங்க."

அந்தக் கதையே மறுபடியும் வந்தது. இந்த முறை இலக்கணத்தையும் கடிதத்தையும் முடித்துவிட்டுக் கடைசியில் ஒரே பக்கம் எழுதினாள். இரண்டு பேரும் பாஸ். நான் தியாகம் என்றுதான் எழுதினேன். எனக்கு அவ்வளவு தைரியம் போதாது.

இன்று அவள் தமிழாசிரியை. அவள் திருத்தும் விடைத்தாள்கள் மட்டும் வெளியே வர ஒரு வாரம் கூடுதலாகும். பிள்ளைகள் எழுதிய பதிலுக்கு அவள் எழுதும் பதில் அதைவிட நீளம் என்று பெற்றோர் புகார் சொல்வதாகக் கேள்வி. தலைமையாசிரியையாக உயர்ந்தபோது பாராட்டு விழா வைத்தார்கள். என்னையும் பேச அழைத்தார்கள். அவளுடைய குணநலன்களைப் பற்றி நான்கு பக்கம் எழுதிக்கொண்டு போயிருந்தேன். மேடையேறி அவளைப் பார்த்ததும் ஒரு எழுத்துகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. "இவ என் கூட்டாளிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.