சாம்பார்ச் சட்டியும் பொத்தான் ஷொக்கும்

மொன்ட்ரியால்-நோர்,
தை மாதக் கடைசி

பெருமதிப்புக்குரிய மச்சான் தர்மகுலசிங்கம் அவர்களுக்கு,

இங்கு நானும் உங்கள் தங்கை ஜெகதீஸ்வரியும் குளிரைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறோம். ஸ்காபரோவில் நீங்களும் வீட்டாரும், முக்கியமாக உங்கள் முழங்காலும், நலமாக இருக்கப் பிள்ளையாரை வேண்டிக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். போனில் கதைத்திருக்கலாம். ஆனால் நான் வாய் திறந்தவுடன் "தாங்கோ இங்கை" என்று உங்கள் தங்கை போனை வாங்கிவிடுவாள். வாட்ஸ்அப்பில் எழுதினால் குடும்பக் குழு முழுக்கச் சிரிக்கும். ஆகையால் கடிதம். எனக்கு உங்களிடமிருந்து ஒரே ஒரு சொல் வேண்டும்: "ஓம்."

ஓய்வு பெற்ற கையோடு நான் ஒரு பழைய ஸ்னோமொபைல் வாங்கியது உங்களுக்குத் தெரியும். அதுதான், முன்னுக்கு இரண்டு சறுக்குக் கட்டையும் பின்னுக்குச் சுழலும் பட்டியுமாகப் பனியில் ஓடுகிற மோட்டார் சைக்கிள். என்னோடு தொழிற்சாலையில் வேலை செய்த ஜில் என்ற கெபெக் மாகாணத்துப் பிரெஞ்சுக்காரன், வடக்கே மலைப்பக்கத்தில் தன் காணியில் அதை நிறுத்த இடம் தந்தான். பிள்ளைகள் கலியாணம் கட்டிப் போய்விட்டார்கள், குளிர்காலமோ முடிகிற பாடில்லை, வீட்டுக்குள் ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கொண்டு இருக்காமல் அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மரங்களுக்குள்ளே ஒரு சுற்றுப் போகலாம் என்றுதான் வாங்கினேன். அவள் மாட்டேன் என்றபின் தனியே ஓடிப் பார்த்தேன் மச்சான். சத்தியமாக ஒரு சந்தோஷமும் இல்லை.

தொடக்கமே பிழையாகப் போய்விட்டது. வாகனம் வாங்கினால் எலுமிச்சம்பழம் நசிக்க வேண்டும் என்று அவள் ஜான்-டலோன் சந்தையில் நல்ல பழமாகப் பார்த்து வாங்கினாள். சக்கரம் இல்லாத வாகனத்துக்குப் பழத்தை எங்கே வைப்பது? கோயில் ஐயரிடம் போனில் கேட்டோம். அவர் கனநேரம் யோசித்து, "முன்னுக்கு என்ன இருக்கோ அதுக்குக் கீழை வையுங்கோ" என்றார். ஜில் பனி வழித்துவிட்ட வாசலில் வைத்தோம். காரின் பின்பெட்டியில் வந்த பழம் கல்லாக உறைந்திருந்தது எங்களுக்கு எப்படித் தெரியும்? எடுத்த எடுப்பில் ஒரு சறுக்குக் கட்டை பழத்தில் ஏறி, வண்டி சரிந்து, படம் எடுப்பதற்காகப் பட்டுச் சேலைக்கு மேலே குளிர்க்கோட்டுப் போட்டுப் பின்னால் இருந்த உங்கள் தங்கை பனிக்குள் போனாள். பழம் நசியவில்லை. பேந்து அவளைத் தூக்கி இருத்தி ஓட, பாதையெல்லாம் மேடு பள்ளம், அவளுடைய ஹெல்மெட் என்னுடைய ஹெல்மெட்டில் டொக் டொக்கென்று அடித்துக்கொண்டே வந்தது. இறங்கினவள், "இனி இதிலை ஏறினால் என்ரை பேரை மாத்துங்கோ" என்றாள்.

எல்லாம் குலுக்கத்தைத் தாங்குகிற ஷொக் அப்சோபரால் வந்த வினை. என்னுடையது சாதாரண ஷொக். அதை மெதுவாக்க வேண்டுமென்றால் இறங்கி, பனிக்குள் முழந்தாளிட்டு, கையால் திருக வேண்டும். என்ரை இடுப்பு நாரி முழந்தாளிட விடும், எழும்ப விடாது. ஜில்லின் புது வண்டியிலோ மின்சார ஷொக். கைபிடியில் ஒரு பொத்தான், அமத்தினால் மெது, இன்னொருக்கால் அமத்தினால் இறுக்கம், ஓடிக்கொண்டே மாற்றலாம். இதை அவளுக்கு எப்படி நிரூபிப்பது? கலியாணம் கட்டின நாளிலிருந்து கோயில் மடைக்கும் பிறந்தநாளுக்கும் சாம்பார்ச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு என் காரில் வருகிறவள் அவள். எந்த றோட்டில் எந்தக் குழி என்று அவளுடைய மடிக்கே தெரியும். "சட்டியோடை வாறன். சிந்தாட்டிப் பாப்பம்" என்றாள். ஜில் தன் வண்டியைத் தந்தான், பாவம்.

மெதுப் பொத்தானை அமத்தி ஒரு சுற்று. ஒரு துளி சிந்தவில்லை மச்சான். ஹெல்மெட்டும் முட்டவில்லை. "பரவாயில்லை" என்றாள். அவள் வாயால் அந்தச் சொல்லைக் கேட்டு எவ்வளவு காலம். அந்தச் சந்தோஷப் புளுகத்தோடை நான் நிப்பாட்டியிருக்கலாம். வித்தியாசத்தையும் காட்டுவம் எண்டு இறுக்கத்தை அமத்திப்போட்டன். அடுத்த மேட்டிலை சாம்பார் மேலை போய், ஜில்லின்ரை புதுச் சீற்றிலை வந்திறங்கி, நாங்கள் துடைக்கத் துணி தேடுறதுக்கிடையிலை உறைஞ்சும் போச்சுது. ஜில் கார்க் கண்ணாடி சுரண்டுற கட்டையாலை சுரண்டினான், சுரண்டினதை வாயிலை போட்டுப் பாத்தான், "மெர்சி மதாம், இன்னும் இருக்கோ?" எண்டு கேட்டான்.

கராஜ் நடத்தின நீங்கள் என்ன சொல்லுவியள் எண்டு எனக்குத் தெரியும். மின்சாரம் புகுந்ததெல்லாம் பழுதாகும், வயர் அறுந்தால் ஆர் பாக்கிறது எண்டுவியள். வயர் அறுந்தால் நான் நடந்து வாறன். "அண்ணை ஓமெண்டால் அந்தப் பொத்தான் ஷொக்கை வாங்கிப் பூட்டுங்கோ, நானும் ஏறுறன்" எண்டிட்டாள் உங்கடை தங்கச்சி. விலையைக் கேளாதேங்கோ. ஓமெண்டு மட்டும் சொல்லுங்கோ.

வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கமும், பேரப்பிள்ளைகளுக்கு ஆசியும், உங்கள் முழங்காலுக்குத் தனியாக ஒரு கும்பிடும்.

இப்படிக்கு,
உங்கள் ஒரு சொல்லுக்காக வாசலில் தபால்காரரைப் பார்த்திருக்கும்
பேரின்பநாதன்

பி.கு.: இதைத் தபாலில் போடுமுன் திரும்பவும் ஜில் வீட்டுக்குப் போனோம். நான் கையுறை தேடி உள்ளே போய் வர, உங்கள் தங்கை என் பழைய வண்டியில் முன்னுக்கு ஏறி இருக்கிறாள். "சட்டியை நீங்கள் பிடியுங்கோ" என்றாள். அதே சாதாரண ஷொக், அதே மேடு பள்ளம். ஒவ்வொரு மேட்டுக்கும் முன்னால் வேகத்தைக் குறைத்து ஓட்டினாள். ஒரு துளி சிந்தவில்லை. "இவ்வளவு காலமும் காருக்குள்ளை சொல்லுறன், மெல்லமாப் போங்கோ எண்டு. மாத்த வேண்டியது ஷொக்கை இல்லையப்பா" என்றாள். ஆகவே மேலே உள்ளதெல்லாம் வீண், மறந்துவிடுங்கள் என்றுதான் எழுத இருந்தேன். ஆனால் சாம்பாரை ஜில்லிடம் கொடுத்துவிட்டு வெறும் சட்டியோடு அடுத்த சுற்றுப் போனபோது, மெல்லப் போக அவளுக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை. இப்போது குப்புறப் படுத்துக்கொண்டு எழுதுகிறேன். ஷொக்குக்கு உடனை ஓமெண்டு சொல்லுங்கோ, இனிப் பின்னுக்கு இருக்கப் போறது நான். இதைவிடப் பெரிய எஞ்சின் போடலாமோ எண்டு அண்ணையைக் கேக்கவேணுமாம், போனைத் தேடிக்கொண்டு திரியிறாள். அதுக்கு மட்டும் மச்சான், இல்லையெண்டு சொல்லிப்போடுங்கோ.