பால்கனிக்குக் கீழே ஒரு காடு

முகாமுக்குப் போகிறவருக்கு ஒரே ஒரு அடிப்படை உரிமைதான் உண்டு. முகாம் வீட்டைவிட்டுத் தூரமாக இருக்க வேண்டும். இந்த உரிமையை என் பள்ளிக்கூடம் என்னிடமிருந்து பறித்தது. இத்தனை வருடம் ஆகியும், நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒன்பதாம் வகுப்பில் நான் புதுசு. அப்பாவுக்கு மாற்றலாகி, கோவில்பட்டியிலிருந்து பருத்திப்பட்டுக்குக் குடிவந்திருந்தோம். ஏரியைப் பார்த்த அடுக்குமாடியில் மூன்றாவது மாடி. பள்ளிக்கூடம் அம்பத்தூரில். பாதி வருடம் ஓடியும் வகுப்பில் யாரும் என்னிடம் ஒட்டவில்லை. மதியம் தனியாகத்தான் சாப்பிடுவேன். "புதுப் பொண்ணு, கொஞ்சம் தள்ளு" என்பதற்கு மேல் யாரும் என்னிடம் பேசியதில்லை.

அப்போதுதான் பி.டி. மிஸ் இயற்கை முகாம் என்று அறிவித்தார். கூடாரம் போட்டு, விறகு அடுப்பில் நாங்களே சமைத்து, ஒரு ராத்திரி தங்க வேண்டுமாம். இடம் எது என்று சொல்ல மாட்டாராம். சஸ்பென்ஸாம்!

குழுவுக்குத் தலைவி யார் என்றபோது, ஸ்டெல்லா என்னைக் கைகாட்டினாள். வகுப்பே அவள் சொன்னால் கேட்கும்.

"மிஸ், இவ கிராமத்துலேர்ந்து வந்துகீறா. வெறகு அடுப்பு, பாம்பு எல்லாம் இவளுக்குதான் தெரியும்."

(கோவில்பட்டி கிராமமா? எங்கள் வீட்டில் கேஸ் அடுப்பு. பாம்பை நான் டிவியில்தான் பார்த்திருக்கிறேன். தாம்பரத்தைத் தாண்டினாலே வயல்வெளி என்று நினைக்கிற இந்தச் சென்னைக்காரர்களை என்ன செய்வது?) ஆனாலும் ஆமாம் என்று தலையாட்டிவைத்தேன். முதல்முறையாக என்னை நாலு பேர் மரியாதையாகப் பார்த்தார்கள். இந்த முகாமில் எப்படியாவது இவர்களோடு சேர்ந்துவிட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை.

பேருந்து முதலில் பாடிக்குப் போனது. அங்கே மிஸ்ஸின் அண்ணனுக்குப் பந்தல் கடை. எங்கள் கூடாரம் என்பது அங்கே ஏற்றிய கல்யாண ஷாமியானாதான். அப்புறம் பூந்தமல்லி. அதைத் தாண்டியதும் காடு வரும் என்று ஜன்னலில் காத்திருந்தேன். எங்கள் இஸ்திரி வண்டிக்காரர் வந்தார். அடுத்து எங்கள் பால் பூத் வந்தது. ஜன்னலிலிருந்து தலையை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

மிஸ்ஸின் அண்ணனுக்கு ஏரிக்கரையில் ஒரு காலி மனை இருந்ததாம். அது எங்கள் பால்கனிக்கு நேர் கீழே. அண்ணாந்து பார்த்தால் கொடியில் என் வாத்துப் படம் போட்ட நைட்டி ஆடிக்கொண்டிருந்தது. தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டேன்.

"இன்னாடி, மூஞ்ச மூடிகினு கீற?" என்றாள் ஸ்டெல்லா.

"வெயில்" என்றேன். வானம் மேகமூட்டமாக இருந்தது.

மிஸ் எல்லாரையும் உட்கார வைத்து இயற்கைப் பாடம் ஆரம்பித்தார். கையை நீட்டி எங்கள் கட்டடத்தையே காட்டினார். "பாத்தீங்களா? ஏரிய ஒட்டி எப்படிக் கட்டி வெச்சிருக்காங்க! இந்த மாதிரி ஆளுங்களாலதான் இயற்கையே அழியுது!" பிள்ளைகள் 'ஊ...' என்று கூச்சல் போட்டார்கள். சந்தேகம் வரக் கூடாதே என்று எல்லாரையும்விட நான்தான் சத்தமாகப் போட்டேன்.

பால்கனிக் கதவு திறந்தது.

"ஏட்டி கயலு! நீதானா? ஒன் தொண்டை எனக்குத் தெரியாதாட்டி?" என்றாள் அம்மா. ஏரிக்கு அக்கரையிலும் கேட்டிருக்கும். "ஒன் குட்டித் தலகாணிய விட்டுட்டுப் போய்ட்டியே! அது இல்லாம ஒனக்கு ஒறக்கம் வராதே!"

காய்கறி வாங்கும் கயிற்றுக் கூடையில், பூப்போட்ட உறை மாட்டிய என் குட்டித் தலையணை மெல்ல இறங்கி வந்தது. கூடவே கொசு க்ரீம். ஸ்டெல்லா தலையணையை எடுத்து என் மடியில் வைத்தாள். "மாமே, பாம்பு புடிக்கிற ஆளு தலகாணி கட்டிகினுதான் தூங்குமாம்!" என்று அவள் சொன்னதற்கு மிஸ்ஸும் சேர்ந்து சிரித்தார். என் மரியாதை அன்றைக்கு அரை நாள்கூடத் தாங்கவில்லை.

சாயங்காலம் விறகு பற்றவில்லை. புகை மட்டும் வந்தது. ரவை பாதி பச்சையாகவும் மீதி கரியாகவும் இருந்தது. அம்மா மேலேயிருந்து எட்டிப் பார்த்தாள். "வாங்க பிள்ளேளா, தோசை ஊத்துதேன்!"

ஒவ்வொருத்தியாகப் படியேறினார்கள். "பாத்ரூம் போய்ட்டு வந்துடறேன்" என்று மிஸ்ஸும் போனார். போகும்போது என்னிடம், "கயல், நீ லீடர். சாமான பாத்துக்கோ" என்றார்.

யோசித்துப் பாருங்கள். என் வீடு. என் அம்மா. என் தோசை. ஆனால் நான் கீழே, ஷாமியானாவுக்குள், கருகிய உப்புமாவுக்குக் காவல்! மேலே என் டிவி ஓடியது, என் கட்டிலில் யாரோ குதித்தார்கள், அம்மா என் சின்ன வயதுக் கதைகளைச் சொல்லச் சொல்ல எல்லாரும் கெக்கெக்கே என்று சிரித்தார்கள். கூடையில் எனக்கும் ரெண்டு தோசை இறங்கியது. சட்னி வரவில்லை. தீர்ந்துபோச்சாம்!

மறுநாள் எல்லாருக்கும் நெருங்கிய சிநேகிதி கிடைத்திருந்தாள். என் அம்மா. அதன்பிறகு என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள், உண்மைதான். அம்மா என்ன கொடுத்துவிட்டாள் என்று பார்க்க வந்தவர்கள், அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். இன்றைக்கும் ஸ்டெல்லா எங்கள் வீட்டுக்கு வந்தால் நேரே சமையலறைக்குத்தான் போகிறாள். நான் ஹாலில் இருப்பது அவளுக்குத் தெரிவதே இல்லை. முகாம் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவுக்கு அம்மாதான் அட்மின். என்னைச் சேர்த்ததே போன வருடம்தான்.

போன வாரம் எனக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்த அன்றைக்கு, மூச்சிரைக்க ஓடிவந்து விஷயத்தைச் சொன்னேன். அம்மா தோசையைத் திருப்பிப் போட்டாள். பக்கத்தில் தட்டோடு நின்ற ஸ்டெல்லாவைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு என்னிடம் கேட்டாள்:

"அது நம்ம பால்கனில இருந்து தெரியுமாட்டி?"