ஏழு பெட்டிகளுக்கு ஒரு நாள் ஓய்வு

சுற்றுக் கண்காட்சி உதவி நிதியத்தின் செயலர், மதிப்பிற்குரிய இமோஜென் லாவெர்ட்டி அம்மையார் அவர்களுக்கு,

சஸ்காட்சவான் மாகாணம், டன்ஹோல்ம் ஊர் அருங்காட்சியகத்தில் ஓவியங்களைப் பொறுப்பேற்றுக் காக்கும் ஓரெஸ்ட் டிமித்ரூ பணிவுடன் எழுதுவது. தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் இந்தக் குளிரில் நலமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அனைவரும் நலம். ஓவியங்களும் நலம் என்றே நம்புகிறேன். நம்புகிறேன் என்று எழுதக் காரணம், அவற்றை நான் இன்னும் பார்க்கவில்லை.

'லாரிக்கும் காப்பீட்டுக்கும் உதவி செய்து நாங்கள் அனுப்பிய பனிக்கால ஓவியங்களின் திறப்பு விழாப் படத்தில், ஊர் மக்கள் மரப்பெட்டிகளைச் சுற்றி நின்று கைதட்டுவது ஏன்?' என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி. ஒப்பந்தப்படி, காட்டப்படாத கண்காட்சி வராத கண்காட்சியாகும்; அப்படியானால் எங்கள் ஊர் சுற்றுக் கண்காட்சிப் பட்டியலிலிருந்தே நீக்கப்படும்; பிறகு இங்குள்ளவர்கள் அசல் ஓவியம் ஒன்றைப் பார்க்க அரை நாள் காரோட்டிப் போக வேண்டியதுதான். ஆகவே நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன்.

பனிப்புயலால் நெடுஞ்சாலை அடைபட்டு, லாரி திறப்பு விழாவன்று மாலைதான் வந்து சேர்ந்தது. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தைந்து டிகிரி. உறைந்துபோன பெட்டியைச் சூடான அறையில் உடனே திறந்தால் ஓவியத்தின்மேல் ஈரம் பூக்கும். எனவே அது இருபத்துநான்கு மணி நேரம் மூடியபடியே அறையில் ஓய்வெடுக்க வேண்டும், இடையில் அறை குளிர்ந்தால் முதலிலிருந்து எண்ண வேண்டும் என்பது தாங்கள் வகுத்த விதி. அதை நான் மனப்பாடமாக அறிவேன். எங்கள் இயக்குநர் வெர்னா ஃப்ரீசன் அம்மையாரோ என்னைத் தூணோரம் இழுத்துப்போய், "ஓரெஸ்ட், மேயர் வந்தாச்சு, ஊரே வந்தாச்சு. ஒரே ஒரு பெட்டிய்யா! மூடியைக் கொஞ்சம் தூக்கிக் காட்டிட்டு மூடிருவோம்" என்றார். "மேடம், வெந்துச்சான்னு தூக்கிப் பாக்க இது என்ன பானையா? நாளைக்கு இதே நேரம் திறக்கிறேன்." "அதுவரைக்கும் வந்தவங்களுக்கு என்னத்தக் காட்டுறது? உன் மூஞ்சியையா?" "பெட்டியைக் காட்டுங்க!" கோபத்தில் சொன்ன சொல் அது. அவர் அப்படியே செய்துவிட்டார்.

விளக்குகளைப் பெட்டிகள்மேல் திருப்பினார்கள். மேயர் பேசினார். கோதுமை விவசாயி எல்மர் ஹலிட்ஸ்கி பெட்டியைத் தட்டிப் பார்த்து, "நல்ல பைன் பலகை. ஸ்க்ரூ ஒண்ணுகூடச் சாயல. போன வருஷம் ஓவியம்னு ஒரு நீலக் கட்டம் வந்துச்சே, அதுக்கு இது எவ்வளவோ புரியுது" என்றார். அவர் மனைவி ஸ்டெஃபா, "உள்ள என்னன்னு சொல்ல மாட்டேங்கிறாங்க பாருங்க, அங்கதான் நிக்குது கலை!" என்றதும், "அந்தக் கலை நம்ம வீட்டு ஃப்ரீசர்லயும் பேரெழுதாத பொட்டலமா நெறைய இருக்குடி" என்று அவர் திருப்பிச் சொல்ல, கூட்டம் சிரித்துக் கைதட்டியது. அந்தக் கணத்தில் எடுத்த படமே தங்களுக்கு வந்தது.

மறுநாள் பெட்டிகளைத் திறந்திருக்க வேண்டும். ஆனால் பெட்டிகளின் புகழ் பரவி அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். எங்கள் அறைக்கும் தெருவுக்கும் நடுவே ஒரே ஒரு கதவு. வருகிறவர் வாசலிலேயே குனிந்து பனிக்காலணியைக் கழற்றுவார். அதையாவது பொறுக்கலாம், கிளம்புகிறவர் கதவை அகலத் திறந்து, ஒரு கையால் பிடித்துக்கொண்டு, "சரி, அப்ப வரோம்" என்ற பிறகுதான் மாமியாரின் முழங்காலையும் மருமகனின் டிராக்டரையும் பற்றிப் பேசவே ஆரம்பிப்பார். அறை குளிரும், நான் முதலிலிருந்து எண்ணுவேன். "கதவைச் சாத்திட்டுப் பேசக் கூடாதா?" என்று கெஞ்சினேன். "மூஞ்சில அடிச்ச மாதிரி சாத்திட்டா போகச் சொல்றே? எங்கேப்பா வளந்தே நீ?" என்று ஸ்டெஃபா அம்மாள் கடிந்துகொண்டார், கதவைப் பிடித்தபடியே. பூட்டிவிடலாமென்றால், கண்காட்சி நாட்களில் பொதுமக்களுக்குக் கதவடைக்கக் கூடாது என்பதும் தங்கள் விதியே. இரண்டு விதிகளையும் ஒருசேரக் காப்பாற்றியதில் இன்றுவரை ஒரு பெட்டியும் திறக்கப்படவில்லை.

வெள்ளிக்கிழமை பெட்டிகளை எடுத்துப்போக லாரி திரும்ப வருகிறது. ஆகவே பத்து நாள் நீட்டிப்பும், அதில் ஒரு நாள் கதவைப் பூட்டிவைக்க எழுத்துமூலமான அனுமதியும் அருள வேண்டுகிறேன். ஓய்வு முழுமை பெறும்வரை ஒரு திருகாணியும் அசையாது என்று என் பதவியின்மேல் ஆணையிட்டுக் கூறுகிறேன்.

தங்கள் இல்லத்தில் கணப்பு அணையாமலும், தங்கள் கார் முதல் முயற்சியிலேயே கிளம்பியும் இக்குளிர்காலம் இனிதே கழிய என் வாழ்த்துகள்.

என்றும் விதிகளுக்குக் கட்டுப்பட்ட,
ஓரெஸ்ட் டிமித்ரூ

பின்குறிப்பு: கடிதத்தை உறையிலிட்டுவிட்டு மதியம் அறைக்குள் போனேன். ஆளில்லை. ஓய்வு முடிய இன்னும் நேரம் இருந்தது. முதல் பெட்டியின் திருகாணிகளைக் கழற்றியது நான்தான். வெர்னா அம்மையாருக்கு இதில் பங்கில்லை. உள்ளே ஒரு வெற்று வயல், பாதி புதைந்த வேலி, பனிமேல் சாயும் வெயில். ஆயுள் முழுக்க நான் சபித்துக்கொண்டே காரில் கடந்துபோகும் அதே காட்சி. ஓவியத்தில் ஈரம் துளியும் இல்லை. என் மூக்குக்கண்ணாடியில்தான் இருந்தது. பின்னால் வந்து நின்ற எல்மர் தொப்பியைக் கழற்றிவிட்டு, "ஏம்ப்பா, இது நம்ம ஊருக் குளிருதானே? இவ்வளவு அழகாவா இருந்துச்சு?" என்றார். மற்ற ஆறையும் இருவருமாகத் திறந்து மாட்டிவிட்டோம். எனவே மேற்கண்ட ஆணையை அடித்துவிட்டுப் படிக்கவும். நடவடிக்கை என்மேல் இருக்கட்டும்; ஊர்மேல் வேண்டாம். நீட்டிப்பை மட்டும் தயவுசெய்து மறுக்காதீர்கள். வடக்கேயிருந்து தம் அண்ணன் குடும்பத்தை அழைத்துவர எல்மர் இப்போதுதான் வண்டியை எடுத்திருக்கிறார். அங்கே சாலை இன்னும் திறக்கவில்லை.