தொண்ணூற்றிரண்டா, தொண்ணூற்றைந்தா: பிக்கப் விடயமாக மச்சானுக்கு ஒரு விண்ணப்பம்

ஓலைத்தொடுவாய்,
மன்னார்.
14.07.2017

அன்பும் மதிப்பும் நிறைந்த மச்சான் வின்சன்ட் அவர்களுக்கு,

பெனடிக்ற் எழுதிக்கொள்வது. மாதாவின் புண்ணியத்தில் நானும் உங்கள் தங்கை அன்ரோனெற்றும் இங்கே சுகமாக இருக்கிறோம். நீங்களும் எடித் அக்காவும் நீர்கொழும்பில் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பிக்கப்பும் சுகமாகத்தான் இருக்கிறது. எதனால் சுகமாக இருக்கிறது என்பதுதான் தெரியவில்லை. அதை அறியவே இக்கடிதம்.

கையில் தொலைபேசி இருக்க இவன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். இவ்வளவு வில்லங்கமும் தொலைபேசியால் வந்ததுதான். வைகாசியில் நான் உங்களுக்குப் பேசியபோது, பிக்கப் முந்தி ஓடிய தூரம் இப்போது ஓடுவதில்லை என்று முறைப்பட்டேன். நீங்கள் கொழும்பில் முப்பது வருடம் வாகனங்களோடு கிடந்தவர். "நல்ல பெற்றோலாப் பாத்து அடியுங்கோ மச்சான், எல்லாம் சரிவரும்" என்றீர்கள். இந்த ஒரு வசனம்தான். அப்போது என் கூட்டாளி அபூசாலி நானா பக்கத்துக் கதிரையில் இருந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். நல்ல பெற்றோல் என்றால் விலை கூடிய ஒக்டேன் தொண்ணூற்றைந்து என்று நான் விளங்கிக்கொண்டேன். நல்ல பெற்றோல் என்றால் தண்ணீர், மண்ணெண்ணெய் கலக்காத பெற்றோல், அது தொண்ணூற்றிரண்டாய் இருந்தாலும் நல்லதுதான் என்று அவர் விளங்கிக்கொண்டார். நீங்கள் எதை நினைத்துச் சொன்னீர்கள் என்று அன்றைக்கே கேட்டிருக்கலாம். இரண்டு பேருக்கும் தெளிவாக விளங்கிவிட்டபடியால் ஒருவரும் கேட்கவில்லை.

அபூசாலி நானாவை நீங்கள் நேரில் கண்டதில்லை. மறிச்சுக்கட்டிக்காரர், என்னைவிட இரண்டு வயது மூத்தவர். பிக்கப்பை ஐந்து வருடத்துக்கு முன்பு இருவருமாகச் சேர்ந்து வாங்கினோம். மூன்று நாள் நான் ஓலைத்தொடுவாய் நண்டை ஏற்றிப் பட்டணத்துக்குப் போவேன், மூன்று நாள் அவர் மீனோடு முசலிப் பக்கம் போவார். வெள்ளி அவர் தொழப்போகிற நாள், வாகனம் என்னிடம் நிற்கும். ஞாயிறு நான் பூசைக்குப் போகிற நாள், அவரிடம் நிற்கும். இதில் ஒரு நாளும் ஒரு சொல் பிசகியது கிடையாது. உங்கள் வசனத்துக்குப் பிறகு என் நாட்களில் நான் தொண்ணூற்றைந்து அடித்தேன், தன் நாட்களில் அவர் தொண்ணூற்றிரண்டு அடித்தார். என் நாட்களில் பிக்கப் பறக்கிறது என்று நான் அவருக்குச் சொன்னேன். தன் நாட்களில்தான் அது மூச்சு விடுகிறது என்று அவர் எனக்குச் சொன்னார். மூன்று கிழமை இப்படியே போனது. கடைசியில் உயிலங்குளத்தில் கராஜ் வைத்திருக்கும் எமிலியானுஸிடம் தீர்ப்புக்குப் போனோம். அவன் கையில் இருந்த கிறீசைத் துடைத்துவிட்டு எங்களை மாறி மாறிப் பார்த்தான்.

"பிக்கப்புக்குப் பெற்றோல் தாங்கி எத்தினை?" என்று கேட்டான்.

"ஒண்டுதான்."

"அப்ப ரெண்டும் அதுக்குள்ள கலந்துதானே கிடந்திருக்கும்?"

சத்தியமாக மச்சான், இது எங்கள் இருவருக்கும் அதுவரை உறைக்கவில்லை. சரி, கலக்காமல் அடித்தால் எது திறம் என்று அவனையே கேட்டேன். "இது பழைய இஞ்சின் அண்ணை. தொண்ணூற்றிரண்டே அதுக்குக் காணும். இஞ்சின் டக்கு டக்கெண்டு தட்டினா தொண்ணூற்றைஞ்சு அடிக்க அந்தச் சத்தம் நிக்கும். ஆனா சத்தம் நிக்கிறதுக்கும் தூரம் ஓடுறதுக்கும் சம்பந்தமில்லை" என்றான். பிறகு கொஞ்சம் யோசித்து, "சம்பந்தமே இல்லையெண்டு சொல்லவும் ஏலாது" என்றான். இதைக் கேட்டு நானும் தலையாட்டினேன், நானாவும் தலையாட்டினார். திரும்பி வரும் வழியில்தான் தெரிந்தது, தான் வென்றதாக அவர் தலையாட்டியிருக்கிறார், நான் வென்றதாக நான் தலையாட்டியிருக்கிறேன்.

அதற்கடுத்த செவ்வாய் நடந்ததை எழுத வெட்கமாக இருக்கிறது. நண்டு ஏற்றக் கரைக்கு இறக்கிய பிக்கப் மணலில் புதைந்துவிட்டது. தாங்கி நிறையச் சுத்தமான தொண்ணூற்றைந்து. இப்போது பாருங்கள் என்று நானாவையும் பக்கத்தில் இருத்தி, முழுப் பலத்தோடு மிதித்தேன். சில்லு சுழன்று கிணறு தோண்டியதே தவிர வாகனம் அசையவில்லை. வலை இழுத்துக்கொண்டிருந்த பன்னிரண்டு பேர் வந்து தள்ளினார்கள். நானா இறங்கி நின்று, "தொண்ணூற்றைஞ்சும் பன்னிரண்டும் நூற்றியேழு. அதான் கிளம்பிட்டுது" என்றார். கரை முழுக்கச் சிரித்தது. எனக்குக் கண் இருண்டுவிட்டது. "உங்களுக்கு வாகனத்தைப் பற்றி என்ன தெரியும்? மாட்டுவண்டிலுக்குத்தான் நீங்கள் சரி" என்று சொல்லிவிட்டேன். அத்தனை பேருக்கு முன்னால், என்னைவிட மூத்த மனிதனை. அவர் சிரிப்பை நிறுத்தினார். "அப்ப வித்துப்போடுவம், பெனடிக்ற்" என்று அமைதியாகச் சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்து போனார்.

பதினொரு நாள் பேச்சில்லை மச்சான். பிக்கப்பைப் பூட்டித் திறப்பைப் பட்டணத்தில் தாவூதின் தேநீர்க் கடையில் நான் வைப்பேன், அவர் எடுப்பார். அவர் வைப்பார், நான் எடுப்பேன். வாகனத்தை வாங்குவதற்கு ஓர் ஆளும் வந்து ரயரை உதைத்துப் பார்த்துவிட்டுப் போனான். உங்கள் தங்கை எனக்குச் சோறு போட்டாளே தவிர முகம் தரவில்லை. பன்னிரண்டாம் நாள் எமிலியானுஸ் எங்கள் இருவரையும் தனித்தனியாகப் பொய் சொல்லிக் கராஜுக்கு வரவழைத்து ஒரு வழி சொன்னான். தாங்கியை முழுதாக வடியுங்கோ. பத்து லீற்றர் தொண்ணூற்றிரண்டு ஊற்றி ஓலைத்தொடுவாயிலிருந்து மறிச்சுக்கட்டிக்கு ஓடுங்கோ. அங்கே மிச்சத்தை வடித்து அளவுங்கோ. பிறகு பத்து லீற்றர் தொண்ணூற்றைந்து ஊற்றித் திரும்பி வந்து, அதையும் வடித்து அளவுங்கோ. "ரெண்டு பேரும் ஒண்டாய் ஏறிப் போங்கோ. தோக்கிற ஆள் வாயைப் பொத்தோணும்." இருவரும் சம்மதித்தோம்.

சென்ற சனிக்கிழமை அந்தப் பரீட்சை. முதல் நாளே இரண்டு கானிலும் பெற்றோல் நிரப்பி, தொண்ணூற்றைந்துக்குச் சிவப்புத் துணி கட்டி என் வீட்டுப் பின்பக்கக் கோடியில் வைத்திருந்தேன். காலை ஒன்பது மணிக்கு நானா வந்தார். தாங்கியை வடித்து, தொண்ணூற்றிரண்டை ஊற்றி, சிவப்புத் துணிக் கானைப் பின்னால் கட்டிக்கொண்டு புறப்பட்டோம். சும்மா போவானேன் என்று அவருடைய வாடிக்கைக்காரருக்கு இரண்டு பெட்டி மீனும் ஐஸும் ஏற்றியிருந்தோம். சோளகக் காற்று முகத்துக்கு நேரே அடித்தது. அரிப்புக்குக் கிட்ட அவர், "மாட்டு வண்டில் எண்டாலும் இந்தக் காத்துக்கு நிண்டிருக்கும்" என்றார். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். "ரோட்டைப் பாருங்க" என்றார். அதோடு அந்த விடயம் முடிந்தது.

மறிச்சுக்கட்டியில் அவர் வீட்டு முற்றத்தில் மீன்பெட்டிகளை இறக்கிவிட்டு, தாங்கியின் அடியில் இருக்கும் நட்டைக் கழற்றி, கூடக் கொண்டுவந்த தொண்ணூற்றிரண்டின் வெறுங்கானில் மிச்சத்தை வடித்தோம். இரண்டரை லீற்றர். நான் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டிருக்கும்போதே வீட்டுக்குள்ளிருந்து நானாவின் மகள் பரீனா அலறினாள். அவளுக்கு முதல் பிள்ளை, நாள் இன்னும் இரண்டு கிழமை இருந்தது. புருஷன் கட்டாரில். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, வலி கண்டால் தாமதிக்காமல் மன்னாருக்குக் கொண்டுபோக வேண்டும் என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்களாம். ஊரில் இருந்த ஒரே வான் புத்தளம் போயிருந்தது. இருந்தது எங்கள் பிக்கப். அது தாங்கி காலியாய், அடி திறந்தபடி நின்றது. நட்டைக் காணவில்லை.

மச்சான், எனக்கு அறுபத்தொரு வயது. அன்றைக்குப் பயந்ததுபோல் நான் சண்டைக் காலத்திலும் பயந்ததில்லை. நானும் நானாவும் பிக்கப்புக்குக் கீழே குப்புறக் கிடந்து மணலைக் கிளறினோம். அவர் "யா அல்லாஹ், யா அல்லாஹ்" என்கிறார், நான் அந்தோனியாரைக் கூப்பிடுகிறேன், நட்டு வருவதாயில்லை. அவருடைய மனைவி உம்மு குல்சூம் ராத்தா வந்து பார்த்தார். குசினிக்குள் போய் மா அரிக்கிற அரிதட்டைக் கொண்டுவந்து, மணலை அள்ளிப் போட்டு மூன்றாம் அரிப்பில் நட்டை எடுத்துத் தந்தார். நான் அதைப் பூட்டினேன். அப்போது, மச்சான், நீங்கள் நம்பமாட்டீர்கள், நான் சிவப்புத் துணிக் கானைத் தூக்க, நானா வடித்து வைத்த தொண்ணூற்றிரண்டைத் தூக்கினார்.

"தொண்ணூற்றைஞ்சு கெதியாய் இழுக்கும்" என்றேன்.

"புள்ளத்தாச்சிய வச்சிட்டுப் பழகாத எண்ணெய ஊத்தவா?" என்றார்.

ராத்தா இரண்டு கானையும் பறித்து, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டையும் ஊற்றிவிட்டு, "இப்ப ஏறுங்க ரெண்டு பேரும். இல்லாட்டி நானே ஓட்டுவன்" என்றார். அவருக்கு ஓட்டத் தெரியாது. ஆனால் ஓட்டியிருப்பார்.

நான் ஓட்டினேன். பக்கத்தில் பரீனாவும் ராத்தாவும். நானா பின்னால் வெறுந்தட்டில் நின்று கம்பியைப் பிடித்தபடி துஆ ஓதிக்கொண்டே வந்தார். சிலாபத்துறை தாண்டியதும் பரீனா என் தோளைப் பற்றிக்கொண்டு, "மாமா, மீற்றரைப் பாக்காதீங்க, ரோட்டைப் பாருங்க" என்று அழுதாள். வெட்கக்கேடு, நான் உண்மையிலேயே பெற்றோல் மீற்றரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றே கால் மணி நேர ஓட்டத்தை ஐம்பது நிமிடத்தில் முடித்தோம். மன்னார்ப் பாலத்தில் பிக்கப் ஓடிய ஓட்டம் நான் முன்பின் கண்டதில்லை. ஆஸ்பத்திரியில் உடனே உள்ளே எடுத்தார்கள். இரண்டு மணி நேரம் நானும் நானாவும் வாங்குப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். அவர் என் கையை விடவேயில்லை. பிறகு தாதி வந்து, சத்திரசிகிச்சை செய்தார்கள், பெண் பிள்ளை, தாயும் பிள்ளையும் நலம் என்றாள். அவர் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டார். என் சேட்டெல்லாம் பெற்றோல் மணம்.

இதோடு சுபம் என்று எழுதிக் கையெழுத்து வைக்கத்தான் ஆசை. ஆனால் மறுநாள் தாங்கியை வடித்து அளந்து பார்த்தோம். தொண்ணூற்றிரண்டில் போகும்போது குடித்ததைவிட, கலந்து வரும்போது மிகக் குறைவாகவே குடித்திருக்கிறது. எமிலியானுஸிடம் காட்டினேன். "போகேக்க ஐஸ்பெட்டி, வரேக்க இல்லை. போகேக்க எதிர்காத்து, வரேக்க பின்காத்து. இதில பெற்றோலைப் பற்றி என்னத்தைச் சொல்ல?" என்றான். "அப்ப காற்று எத்தனை ஒக்டேன்?" என்று கேட்டேன். அவன் வேலை இருக்கிறது என்று உள்ளே போய்விட்டான். நான் இரண்டு நாள் யோசித்தேன். பாரம்தான், காற்றுத்தான், எங்கள் இஞ்சினுக்குத் தொண்ணூற்றிரண்டு தாராளம் என்று ஒரு தெளிவுக்கு வந்து, நான் பிழை என்று ஒப்புக்கொள்ள நானாவிடம் போனேன். அவரோ, தொண்ணூற்றைந்து கலந்திராவிட்டால் தன் பேத்தி உயிரோடு வந்திருக்கமாட்டாள், மௌத்தாகும்வரை இனித் தொண்ணூற்றைந்துதான் என்கிறார். நான் தொண்ணூற்றிரண்டு என்கிறேன். முந்தி அவர் சொன்ன நியாயத்தையெல்லாம் நான் சொல்கிறேன். நான் சொன்னதையெல்லாம் அவர் சொல்கிறார். சில வேளை யார் எந்தப் பக்கம் என்பதே எங்களுக்கு மறந்துபோகிறது.

ஆகையால் மச்சான், இந்தப் பழைய இஞ்சினுக்கு எது நல்லது என்பதை ஐயம் திரிபு இல்லாமல் எழுதி, கீழே கையெழுத்தும் வைத்து அனுப்பும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். எந்தப் பக்கம் எழுதினாலும் இருவரும் கட்டுப்படுவோம் என்று பேசியிருக்கிறோம்.

உங்கள் வீட்டில் சமாதானமும், உங்கள் முழங்காலுக்குச் சுகமும் கிடைக்க மடுமாதாவை மன்றாடும்,

மைத்துனன்,
சூ. பெனடிக்ற்

பி.கு.: அண்ணா, இது அன்ரோனெற் எழுதுகிறேன். தபாலில் போடச் சொல்லிக் கடிதத்தை என்னிடம் தந்துவிட்டுப் போயிருக்கிறார், ஒட்டமுன் வாசித்தேன். உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். அந்தச் சனிக்கிழமை விடிய, பக்கத்து வீட்டுப் பூமணியின் ஆடு கோடிக்குள் வந்து சிவப்புத் துணிக் கானைத் தட்டிக் கவிழ்த்துவிட்டது. ஒரு துளி மிச்சமில்லை, எல்லாவற்றையும் மணல் குடித்துவிட்டது. பன்னிரண்டு நாள் கழித்து இரண்டு பேரும் சேரப்போகிற நேரம் இதைச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. முன்வீட்டுப் பெற்றிசியாவின் புருஷன் மோட்டார்ச் சைக்கிளில் பட்டணம் போனார், கானைக் கொடுத்து நிரப்பிவரச் சொன்னேன். அன்றைக்குத் தொண்ணூற்றைந்து முடிந்துவிட்டதாம், தொண்ணூற்றிரண்டைத்தான் கொண்டுவந்தார். "எல்லாம் பெற்றோல்தானே அக்கா" என்றார். நானும் துணியைத் திரும்பக் கட்டி வைத்துவிட்டேன். போனதும் தொண்ணூற்றிரண்டு, வந்ததும் தொண்ணூற்றிரண்டு, பரீனாவைக் கொண்டுவந்ததும் அதுதான். இதை நானாவுக்கும் சொல்லவேண்டாம், இவருக்கும் சொல்லவேண்டாம். இருவருக்கும் எல்லாம் தெளிவாக இருந்தபோதுதான் பதினொரு நாள் பேச்சில்லாமல் இருந்தார்கள். இப்போது ஒன்றும் விளங்காததால் பின்னேரத்தில் ஒன்றாக இருந்து தேத்தண்ணி குடிக்கிறார்கள். வாகனத்தை வாங்க வந்தவனையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆனபடியால் அண்ணா, கட்டாயம் பதில் போடுங்கள். ஆனால் விளங்காத மாதிரி எழுதுங்கள்.