ஊதுங்கோ சார்

எண்பதுகளில் டெல்லித் தமிழர்களின் இதயத்தைக் காப்பாற்றியது டாக்டர்கள் அல்ல, ஒரு மூக்கு என்று நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன்.

அந்த மூக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், இதயத்தைப் படமெடுக்கும் அறையில் டெக்னீஷியனாக இருந்தது. மூக்குக்கு உரியவரைக் கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் எல்லோரும் ‘ஊதுங்கோ சார்’ என்போம். நிஜப் பெயரை யாரும் கேட்டதில்லை.

எனக்கு மாடி ஏறினால் நெஞ்சைப் பிடித்தது. ஓடும் பட்டையில் வேகமாக நடக்க வைத்துச் சோதிக்கலாமென்றால் முட்டி மக்கர். ஆகவே இதயத்தின் ரத்தக்குழாய்களை விரிக்க ஓர் ஊசி, கூடவே அதே பட்டையில் முடிந்த அளவு மெதுநடை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். முந்தின நாளிலிருந்தே காபி கூடாதாம்.

லீவு போட்டுப் போய் நின்றேன்.

“வாயை ஊதுங்கோ.”

குடிகாரனைப் பிடித்த போலீஸ்காரர் மாதிரி மூக்கை நீட்டினார். ஊதினேன்.

“எப்போ குடிச்சேள்?”

“சத்தியமா இல்லே சார்!”

“அரை டம்ளர். சிக்கரி ஜாஸ்தி. காலம்பற அஞ்சு மணி.”

அத்தனையும் சரி. நேரத்தில் மட்டும் பத்து நிமிஷம் பிசகு.

“நாக்கைத்தான் சார் நனைச்சேன்...”

“காபி உள்ளே இருந்தா ஊசி வேலை செய்யாது. அடைப்பு இருந்தாலும் படம் ‘சப் டீக் ஹை’, எல்லாம் சரியா இருக்குன்னு சொல்லிடும். நீங்களும் நம்பி ஆத்துக்குப் போயி, ஒருநாள் மாடிப்படியில விழுவேள். அடுத்த வாரம் வாங்கோ. ஜல்தி, கெளம்புங்கோ!”

பஸ்ஸில் வழிநெடுக அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

அடுத்த வாரம் மூக்கு என்னைப் பாஸ் போட்டது. ஊசி ஏறியதும் முகம் காந்தியது, தலை விண்ணென்று வலித்தது. பயத்தில் பட்டையின் கம்பியைக் கட்டிக்கொண்டேன். உடனே அவர் பக்கத்தில் தரையில் நின்று, நின்ற இடத்திலேயே நடக்கத் தொடங்கினார்.

“அச்சா, என்னோட நடங்கோ. மருந்து மட்டும்னா படுத்தும். கூட நடந்தா தலைவலி அடங்கும், படமும் பளிச்னு வரும்.”

ஒவ்வொரு நோயாளிக்கும் இப்படி நடந்தே அவருக்கு மாதம் ஒரு செருப்பு தேய்ந்ததாகக் கேள்வி.

கடைசிப் படமும் எடுத்து முடிந்ததும் பிளாஸ்க்கைத் திறந்து, நுரை பொங்க ஒரு டம்ளர் காபி நீட்டினார்.

“இப்போ குடிக்கலாம்.”

“நீங்க?”

“விட்டு ஆறு வருஷமாச்சு. நானும் குடிச்சா உங்க வாசனை எனக்கு எப்படித் தெரியும்?”

சொன்னவர் கும்பகோணத்துக்காரர்.

படத்தில் அடைப்பு தெரிந்தது. ஆபரேஷன் ஆகி, இன்றைக்கும் மாடி ஏறுகிறேன். காலையில் முதல் வாய் காபிக்கு முன்னால் அவரை நினைக்காத நாளில்லை. எனக்குக் கிடைத்திருப்பது, அவர் குடிக்காமல் விட்ட காபி.