தேங்காய் மட்டையில் ஒரு சறுக்கு வீராங்கனை

கட்டுகஸ்தோட்டை,
ஞாயிற்றுக்கிழமை மாலை.

அன்பும் மரியாதையும் உள்ள சண்முகநாதன் மச்சானுக்கு, உங்கள் தங்கை புருஷன் ராஜலிங்கம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. கனடாவில் நீங்களும் அக்காவும் குறைவில்லாமல் இருக்கக் கதிர்காமக் கந்தனை வேண்டுகிறேன். எங்கள் சுகத்தைப் பற்றி விரிவாக எழுதக் கதிரையில் நிமிர்ந்து உட்கார வேண்டும். இடுப்பு இப்போதைக்கு அதற்கு இடம் கொடுக்கவில்லை. இதையெல்லாம் போனில் சொல்லலாமே என்று கேட்பீர்கள். போனில் நீங்கள் பேசுவீர்கள், சந்திரிகா பேசுவாள், நான் "ஆமாங்க மச்சான்" என்று சொல்லிவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுப்பேன். மாதக் கணக்காக அப்படித்தான் நடக்கிறது. கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது என்பதால் எழுதுகிறேன்.

நம் பிள்ளை டிலானியைப் பனிச்சறுக்கு நடனத்தில் உலகப் போட்டிக்குத் தயார் செய்ய வேண்டும் என்றும், ஏழு வயதே கொஞ்சம் பிந்தித்தான் போயிற்று என்றும் நீங்கள் சொன்னபோது நான் வாயைத் திறக்கவில்லை. அது என் பிழை. இந்தக் கண்டியில் பனி என்பது காலையில் மடுல்கெல்லப் பக்கம் மலையில் தெரிவது. அதில் நடக்கலாம், சறுக்க முடியாது. ஆனால் நீங்கள் அனுப்பிய பார்சலைத் திறந்து, அடியில் கத்தி வைத்த அந்த வெள்ளைச் சப்பாத்தைப் பார்த்ததும் சந்திரிகா அழுதுவிட்டாள். "எங்கண்ணன் எவ்வளவு யோசிச்சு அனுப்பியிருக்காரு பாத்தீங்களா?" என்றாள். பிறகு நான் என்ன பேசுவது?

முதலில் ஐஸ் தேடினேன். மீன் கடைக்காரர் ஜவாஹிரைப் பிடித்து, மரத்தூளில் புதைத்து வைத்திருந்த ஐஸ் கட்டிகளை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்து, பின்முற்றத்தில் தறப்பாள் விரித்து அடுக்கினோம். சப்பாத்துக் கயிறு கட்டுவது எவ்வளவு நேரம் எடுக்கும் என்று நீங்கள் சொல்லவில்லை, மச்சான். நானும் சந்திரிகாவும் ஆளுக்கொரு காலாக இழுத்துக் கட்டி முடித்து நிமிர்ந்தபோது பாதி ஐஸ் தண்ணீராகிவிட்டது, மீதியில் தெருப் பூனைகள் உட்கார்ந்திருந்தன. பிள்ளை ஒரு தடவை வழுக்கி என் மேல் விழுந்தாள். என் இடுப்பின் கதை அன்று தொடங்கியது. அவள் மேல் வீசிய மீன் வாடை போக நாட்கணக்கானது. பள்ளிக்கூட வேனில் யாரும் பக்கத்தில் உட்காரவில்லை.

கத்தி மழுங்கியிருக்குமோ என்று சந்தேகப்பட்டு, நான் வேலை பார்க்கும் ஹார்ட்வெயார் கடைக்குச் சாணை பிடிக்க வரும் ஆளிடம் கொடுத்ததும் என் புத்திதான். அவர் நல்ல மனுஷன், அக்குறணையில் இறைச்சிக்கடைகளுக்கெல்லாம் அவர்தான் சாணை. மீசையை மழிக்கும் அளவுக்குத் தீட்டிக் கொடுத்துவிட்டு, "இனி எலும்பும் வெட்டும்" என்று பெருமையாகச் சொன்னார். அதற்குப் பிறகு அந்தச் சப்பாத்தைப் பிள்ளையின் காலில் மாட்ட எனக்குத் தைரியம் வரவில்லை. அலுமாரியின் மேல் தட்டில் வைத்திருக்கிறோம். பலாக்காய் பிளக்கச் சந்திரிகா ஒரு முறை எடுத்தாள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அப்போதுதான் நீங்கள் போனில், "ஐஸ் இல்லன்னா பரவாயில்ல, வழுவழுப்பான தரை போதும், அதுல கால் பழகட்டும்" என்றீர்கள். எங்கள் மாடி வீட்டு ஹோல் சிவப்புச் சீமெந்துத் தரை என்பது உங்களுக்குத் தெரியும். சந்திரிகா கடையிலிருந்து ஒரு டின் சிவப்புப் பொலிஷ் எடுத்துவரச் சொன்னாள். காய்ந்த தேங்காய் மட்டையைக் குறுக்கே அரிந்து, நார் கீழே இருக்கும்படி போட்டு, ஒரு காலால் மிதித்துத் தரை தேய்ப்போம் அல்லவா? அதையே பிள்ளையின் இரண்டு காலுக்கும் துணியால் கட்டிவிட்டாள். பிள்ளையும் போனாள் மச்சான், என்னமாய்ப் போனாள்! வாசலில் தள்ளிவிட்டால் குசினிச் சுவரில்தான் நின்றாள். தரை கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. அதில் முதலில் விழுந்தது நான், அடுத்ததும் நான்.

மூன்றாவதாக வந்தவர் கீழ் வீட்டில் இருக்கும் வீட்டுக்காரி ஹவ்வா உம்மா. மேலே என்ன உருட்டுகிறீர்கள் என்று சண்டை பிடிக்க வந்தவர், வாசலில் கால் வைத்ததும் வழுக்கிக்கொண்டு நேரே சோபா வரைக்கும் வந்து அதிலேயே உட்கார்ந்துவிட்டார். வீட்டை விட்டு எழும்பச் சொல்லப்போகிறார் என்று நான் கைகட்டி நின்றேன். அவர் தரையைத் தடவிப் பார்த்தார். "என்ட ஊட்டுல இப்பிடி ஒரு பளபளப்ப நான் கண்டதே இல்ல, மகன். அடுத்த கெழம பேத்திக்கு நிக்காஹ். புள்ளய ஒருக்கா கீழ அனுப்புங்க" என்றார்.

அன்றிலிருந்து உங்கள் மருமகளின் பயிற்சி ஊர்ப்பயிற்சியாகிவிட்டது. கீழ் வீட்டு ஹோல், அடுத்த வீட்டு விறாந்தை, டியூஷன் மாஸ்டர் வீடு என்று விசேஷம் வைத்திருப்பவர்கள் எல்லோரும் மட்டையோடு வந்து நிற்கிறார்கள். "பிராக்டிஸ் குடுத்த மாதிரியும் ஆச்சு" என்று சந்திரிகா அனுப்பிவிடுகிறாள். கோயில் தலைவர் பழனியாண்டியும் பிள்ளையைக் கூப்பிட்டுக் கல்யாண மண்டபத்தைத் தேய்க்கவைத்தார். மறுநாள் கல்யாணத்தில் தவில்காரர் வாசித்துக்கொண்டே மணவறையிலிருந்து பந்தி நடக்கிற இடம் வரைக்கும் வழுக்கிப் போய்விட்டார். நடுவில் அடி ஒன்றும் தவறவில்லை என்று எல்லோரும் பாராட்டினார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா மட்டும் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

பள்ளிக்கூடத்திலும் நிம்மதியில்லை. காலையில் தேவாரம் பாடும்போது பிள்ளை ஒற்றைக் காலில் நிற்கிறாளாம். டீச்சர் கூப்பிட்டனுப்பி, "ஏதாவது நேத்திக்கடனா, ஐயா?" என்று தணிந்த குரலில் கேட்டார். இல்லை, உலகப் போட்டி என்று எப்படிச் சொல்வது? ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். நீங்கள் சொன்னபடி ராத்திரியில் சோறும் ரொட்டியும் நிறுத்தி அவித்த மரக்கறிதான் கொடுக்கிறோம். பிள்ளை அதை முகம் சுளிக்காமல் சாப்பிட்டுவிட்டு, கீழே போய் ஹவ்வா உம்மாவிடம் இனிப்பு வட்டிலப்பம் சாப்பிட்டுவிட்டு வருகிறாள்.

இதெல்லாம் நான் பொறுத்துக்கொள்வேன், மச்சான். பொறுக்க முடியாதது ஒன்றுதான். டிசம்பரில் வருவீர்கள், பிள்ளை கால் பழகியிருந்தால் கையோடு கனடாவுக்குக் கூட்டிப்போய் அங்கேயே படிக்கவைத்துப் பழக்குவீர்கள் என்று நீங்களும் சந்திரிகாவும் பேசி முடித்துவிட்டீர்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் "ஆமாங்க மச்சான்" என்றுதான் சொல்லியிருப்பேன், அது வேறு விஷயம். எனக்கு இருப்பது ஒரே பிள்ளை. இன்னும் என் சேர்ட்டைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறாள். நான் கடையிலிருந்து வரும்போது படியில் காலடிச் சத்தம் கேட்டே "அப்பா!" என்கிறாள். அவள் இல்லாத வீட்டில் இந்தப் பளபளப்பான தரையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

ஆகவே உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். பிள்ளைக்கு இது வரவில்லை. இத்தனை மாதமாக நானும் பார்க்கிறேன். தள்ளிவிட்டால் நேராகப் போகிறாள், சுவர் வந்தால் நிற்கிறாள், அவ்வளவுதான். இதை நீங்களே போனில் உங்கள் தங்கையிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். நான் சொன்னதாக மட்டும் சொல்ல வேண்டாம். டிசம்பரில் சும்மா வாருங்கள், கண்டிக் குளம், பூந்தோட்டம் எல்லாம் சுற்றிப் பார்ப்போம். அக்காவுக்கு எங்கள் வணக்கம். முருகன் அருளால் உங்கள் இருவருக்கும் நோய்நொடி அண்டாதிருக்கட்டும், அங்கே குளிரும் கொஞ்சம் குறைந்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மச்சான்,
ராஜலிங்கம்.

பி.கு.: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டப் போனேன். ஹோலில் சத்தமே இல்லை. பிள்ளை சத்தம் போடாவிட்டால்தான் எனக்குப் பயம், எட்டிப் பார்த்தேன். ஒரு காலைப் பின்னால் தூக்கி, கைகளை விரித்து மட்டையில் சறுக்கி வந்தவள், கைகளை நெஞ்சோடு சேர்த்தாள். உடம்பு தானாகச் சுழன்றது. சுவரைப் பிடிக்காமல் நின்றாள், என்னைப் பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது. "யாரும்மா சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டேன். "யாரும் இல்லப்பா. ரொம்ப நாளாவே வருது. மாமா கூட்டிட்டுப் போயிருவாருன்னு நீங்க அழுவீங்க, அதான் காட்டல" என்றாள்.

மேலே எழுதியது ஒன்றையும் கணக்கில் எடுக்க வேண்டாம், மச்சான். டிசம்பரில் கட்டாயம் வாருங்கள், அவளைப் பாருங்கள். என் வயதுக்காரனுக்கு அங்கே என்ன வேலை கிடைக்கும் என்றும் விசாரித்து எழுதுங்கள். எனக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது, பழகிக்கொள்கிறேன்.